இடுகுறியும் ஏவலும்: சாலைப் போக்குவரத்துச் சின்னங்களின் பொருளுணர்வும் அவற்றின் தமிழ் வாசகங்களும்

ஆய்வுச் சுருக்கம்

சாலைப் போக்குவரத்துச் சின்னங்கள் மொழி அறியாதவர்க்கும் பார்த்த அளவில் விளங்குபவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்தை மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சின்னத்தின் பொருள் அதில் வரையப்பட்ட உருவத்தில் மட்டும் அமைவதில்லை. அதன் வடிவம், நிறம், நிற்கும் இடம் ஆகியவை சேர்ந்து ஒரு தொடரிலக்கணமாக இயங்குகின்றன. உருவம் பெயரின் பணியையும், வடிவமும் நிறமும் வினையின் பணியையும் செய்கின்றன. பெயரை மட்டும் படித்து வினையைத் தவறவிடுவதே பொருள் மயக்கத்தின் முதன்மைக் காரணம் என்பதைத் தமிழ் இலக்கண மரபின் இடுகுறி, ஏவல், வியங்கோள், குறிப்பு, சுட்டு, வழு ஆகிய கருத்தாக்கங்களின் துணையோடு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சின்னங்களுக்குத் துணையாக எழுதப்படும் தமிழ் வாசகங்கள் இவ்வினைநோக்கைப் பல இடங்களில் மங்கச் செய்வதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: போக்குவரத்துச் சின்னம், குறியியல், இடுகுறி, ஏவல், வியங்கோள், வழு, அறிவிப்புத் தமிழ்.

முன்னுரை

குறியியலை ஒரு துறையாக வளர்த்தெடுத்த அறிஞர்கள் போக்குவரத்துச் சின்னங்களை எளிய எடுத்துக்காட்டாகவே பெரிதும் கையாண்டனர். ரோலான் பார்த் 1964இல் எழுதிய குறியியல் அடிப்படைகள் பற்றிய நூலில், அதுவரை குறியியல் எடுத்துக்கொண்ட சாலைவிதிக் குறித்தொகுதி போன்றவை சிறிதளவே ஆர்வம் தரத்தக்கவை என்று கருதினார். சில வடிவங்கள், சில நிறங்கள், ஒரு குறிக்கு ஒரு பொருள் என்ற அளவில் இத்தொகுதி முடிந்துவிடுவதாகத் தோன்றுவதே இம்மதிப்பீட்டின் பின்னணி. தமிழில் குறியியல் சார்ந்த ஆய்வுகளும் இலக்கியப் பிரதி, சடங்கு, திரைப்படம் ஆகியவற்றில் கவனம் செலுத்திய அளவுக்குச் சாலையோரப் பலகையில் கவனம் செலுத்தவில்லை.

எனினும், பிழையாகப் படிக்கப்படும் குறி உயிரிழப்புக்குக் காரணமாகக்கூடிய தொகுதி இது. கவிதையைப் பலவாறு படிப்பது வாசக உரிமை. ‘நுழையத் தடை’ என்னும் சின்னத்தைப் பலவாறு படிக்க எவருக்கும் உரிமையில்லை. ஒற்றைப் பொருளை மட்டுமே தர வேண்டிய கட்டாயம் உள்ள ஒரு குறித்தொகுதி, அந்த ஒற்றைப் பொருளை எவ்வாறு உறுதிசெய்கிறது, எங்கே உறுதிசெய்யத் தவறுகிறது என்னும் வினா மொழியியலுக்கும் உரியதே.

இந்தியாவில் இச்சின்னங்களின் சட்ட அடிப்படை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் முதல் அட்டவணை உத்தரவுச் சின்னங்கள், எச்சரிக்கைச் சின்னங்கள், தகவல் சின்னங்கள் என மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. வடிவமைப்பு, அளவு, நிறுவும் முறை ஆகியவற்றுக்கு இந்தியச் சாலைகள் பேராயம் 1977 முதல் திருத்தித் திருத்தி வெளியிட்டுவரும் ஐ.ஆர்.சி. 67 என்னும் நெறிமுறை வழிகாட்டுகிறது. இவ்விரண்டும் வகுத்த தொகுதியையே இக்கட்டுரை ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது.

1. படமா, இடுகுறியா?

சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் கண்ட அளவில் புலப்படாது என்பது தொல்காப்பியர் கருத்து. காரணமே இல்லை என்று அவர் கூறவில்லை. அது எளிதில் தோன்றாது என்றே கூறினார் என உரைமரபு இதனை விளக்கும். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என வகைப்படுத்தினார். காரணம் இருந்தும் அக்காரணம் பொருந்தும் எல்லாவற்றுக்கும் செல்லாமல் வழக்கால் ஒன்றற்கே உரியதாகி நிற்கும் பெயரைக் காரண இடுகுறி என இலக்கண மரபு தனித்துக் கண்டது. முள் உடையன பல இருக்க ஒரு செடிக்கு மட்டும் உரிய ‘முள்ளி’ என்னும் பெயர் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது வழக்கம்.

சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் வகுத்த உருவக்குறி, சுட்டுக்குறி, குறியீடு என்னும் முப்பிரிவைக் கொண்டே போக்குவரத்துச் சின்னங்கள் பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. ஆயின் காரண இடுகுறி என்னும் கருத்தாக்கம் இச்சின்னங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. காவலற்ற இருப்புப்பாதைக் கடப்பை அறிவிக்கும் முக்கோணத்தில் நீராவி எஞ்சினின் உருவம் உள்ளது. நீராவி எஞ்சின்கள் அன்றாட வழக்கிலிருந்து மறைந்துவிட்டன. மின்தொடர்வண்டியை மட்டுமே கண்டு வளர்ந்த தலைமுறைக்கு அவ்வுருவம் ஒப்புமையால் விளங்குவதன்று, கற்பிக்கப்பட்டதால் விளங்குவது. ‘ஹாரன்’ என வழங்கும் ஒலிப்பானைக் குறிக்கும் ஊதுகுழல் வடிவத்தின் நிலையும் இதுவே. தோன்றியபோது காரணக்குறியாக இருந்தவை இன்று காரண இடுகுறியாக எஞ்சியுள்ளன.

முற்றிலும் இடுகுறியானவையும் உண்டு. சிவப்பு வட்டத்தின் நடுவே கிடக்கும் வெண்பட்டை ‘நுழையாதே’ என்று பொருள்படுவதற்கு அதன் தோற்றத்தில் காரணம் ஏதுமில்லை. தலைகீழாக நிற்கும் வெற்று முக்கோணம் ‘வழி விடு’ என்று பொருள்படுவதும் அவ்வாறே.

வரலாறும் இதனை உறுதிப்படுத்துகிறது. 1909இல் பாரிசில் உருவான மோட்டார் வாகனப் போக்குவரத்து உடன்படிக்கை மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, இருப்புப்பாதைக் கடப்பு ஆகிய நான்கு இடர்களுக்கு மட்டுமே பொதுச் சின்னங்களை வகுத்தது. 1968இல் வியன்னாவில் உருவான சாலைச் சின்னங்கள் உடன்படிக்கை தொகுதியைப் பன்மடங்கு விரித்தது. எனினும், எச்சரிக்கைச் சின்னத்திற்குச் சிவப்பு விளிம்பு முக்கோணம், மஞ்சள் சாய்சதுரம் என இரு வடிவங்களையும் ஏற்றுக்கொண்டது. எல்லார்க்கும் இயல்பாக விளங்கும் வடிவம் ஒன்று இருந்திருப்பின் இரண்டுக்கு இடம் தர வேண்டிய தேவை எழுந்திராது.

இதன் விளைவைத் தமிழ் வழங்கும் நாடுகளிலேயே காணலாம். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் எச்சரிக்கையை முக்கோணத்தில் படிக்கின்றனர். இலங்கையிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் அதனை மஞ்சள் சாய்சதுரத்தில் படிக்கின்றனர். மொழி ஒன்றாயினும் குறிமரபு வேறு. போக்குவரத்துச் சின்னம் மொழி கடந்தது என்னும் கூற்றில் உண்மை உண்டு. ஆயின் மரபு கடந்தது என்னும் பொருளில் அக்கூற்றைக் கொள்ள இயலாது.

2. ஓர் உருவம், நான்கு தொடர்கள்

சின்னங்களின் அகக்கட்டமைப்பை விளக்க மிதிவண்டி உருவம் சிறந்த சான்றாகும். இந்தியத் தொகுதியில் இவ்வுருவம் நான்கு சூழல்களில் வருகிறது. சிவப்பு வளையத்துக்குள் குறுக்குக்கோட்டுடன் வரும்போது மிதிவண்டிக்குத் தடை. நீல வட்டத்துக்குள் வரும்போது அது மிதிவண்டிக்கென வகுக்கப்பட்ட கட்டாயப் பாதை. சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் வரும்போது, முன்னே மிதிவண்டிகள் சாலையைக் கடக்கும் இடம் உண்டு என்னும் எச்சரிக்கை. நீலச் செவ்வகத்தில் நிறுத்தத்துக்குரிய எழுத்தோடு வரும்போது மிதிவண்டி நிறுத்துமிடம் என்னும் தகவல்.

நான்கிலும் உருவம் ஒன்றே. அவ்வுருவம் ‘மிதிவண்டி’ என்னும் பெயரை மட்டுமே தருகிறது. ‘வராதே’, ‘இவ்வழியே செல்’, ‘எதிர்ப்படும்’, ‘இங்கு உண்டு’ என்னும் வினைமுற்றுகளை வடிவமும் நிறமும் தருகின்றன. ஒலிப்பான் உருவமும் இத்தகையதே. சிவப்பு வளையமும் குறுக்குக்கோடும் சேர ‘ஒலி எழுப்பாதே’ என்றும், நீல வட்டத்தில் ‘ஒலி எழுப்பு’ என்றும் அது நேர்மாறான கட்டளைகளாகிறது. ஒலியனியலில் ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணைகள் அவ்வொலியின் பொருள்வேறுபடுத்தும் ஆற்றலை மெய்ப்பிப்பது போல, இவ்விணைகள் வடிவமும் நிறமும் பொருளின் உறுப்புகளே என்பதை மெய்ப்பிக்கின்றன.

சட்டமும் இதனை ஏற்றுள்ளது. உத்தரவுச் சின்னத்திற்கு ஓட்டுநர் கீழ்ப்படிய வேண்டும் என விதிக்கும் 119ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ளவற்றோடு, சிவப்புத் தளமோ சிவப்பு விளிம்போ உடைய வட்டத்தகட்டில் உருவமோ சொல்லோ எண்ணோ தாங்கி நிற்கும் அவ்வகைப் பிற சின்னங்களையும் உத்தரவுச் சின்னம் என வரையறுக்கிறது. உள்ளே இருப்பது எதுவாயினும் ஆகுக. கட்டளைத்தன்மையைத் தருவது வட்டமும் சிவப்புமே.

‘நில்’ என்பதற்கு எண்கோணமும் ‘வழி விடு’ என்பதற்குத் தலைகீழ் முக்கோணமும் தனியுரிமையாக ஒதுக்கப்பட்டிருப்பதும் இங்கு நோக்கத்தக்கது. எழுத்து அழிந்தாலும், புழுதி படிந்தாலும், பலகையைப் பின்புறமிருந்து காண நேர்ந்தாலும் இவ்விரண்டையும் வடிவத்தாலேயே அறியலாம். ‘வழி விடு’ சின்னத்தில் பெயரே இல்லை. அது வினை மட்டுமே. உருவத்தைத் தேடிப் பழகிய கண் அதனை வெற்றுப் பலகையாகக் கடந்துவிடுவதற்கு வாய்ப்பு மிகுதி.

குறுக்குக்கோடும் ஒரு மரபே. பிரிட்டன் போன்ற நாடுகளில் மிதிவண்டித் தடைக்குச் சிவப்பு வளையத்துக்குள் மிதிவண்டி உருவம் மட்டுமே இருக்கும்; குறுக்குக்கோடு இராது. இந்திய மரபில் பழகியவர் அதனை மிதிவண்டிப் பாதை எனக் கொள்ளக்கூடும். இந்தியாவிலும் வேக வரம்புச் சின்னத்தில் எண்ணின்மேல் கோடு இல்லை. அங்கு வளையம் ‘50ஐத் தவிர்’ என்று பொருள்படாமல் ‘50ஐத் தாண்டாதே’ என்று பொருள்படுகிறது. ஒரே வளையம் உருவத்தைச் சூழும்போது விலக்காகவும் எண்ணைச் சூழும்போது எல்லையாகவும் பொருள் தருவதை விளக்கும் விதி பலகையில் எங்கும் எழுதப்படவில்லை. படிப்பவர் அதனை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

3. வெளிப்படையும் குறிப்பும்

சொல்லின் பொருள் வெளிப்படையாகத் தோன்றுவதும் உண்டு, குறிப்பாகத் தோன்றுவதும் உண்டு என்பது தொல்காப்பியரின் மற்றொரு வரையறை. உத்தரவுச் சின்னங்கள் வெளிப்படைப் பொருள் உடையவை. எச்சரிக்கைச் சின்னங்களோ குறிப்புப் பொருளால் இயங்குகின்றன. முக்கோணத்துக்குள் உள்ள பள்ளிச் சிறுவர் உருவம் ‘முன்னே பள்ளி உள்ளது’ என்னும் செய்தியை மட்டுமே கூறுகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டும், எதிர்பாராது ஓடிவரக்கூடிய குழந்தைக்காகக் காலைத் தடையின்மேல் வைத்திருக்க வேண்டும் என்னும் செயல்களை ஓட்டுநரே உய்த்துணர வேண்டும்.

குறிப்புப் பொருள் கேட்போனின் அறிவைச் சார்ந்தது. அதனால் எச்சரிக்கைச் சின்னத்தின் ‘பொருள் தெரியும்’ என்பதற்கு இரு நிலைகள் உண்டு. ‘இது வழுக்குச் சாலை’ எனப் பெயர் கூறுவது முதல் நிலை. வழுக்குச் சாலையில் திடீரெனத் தடையை அழுத்தலாகாது என அறிவது இரண்டாம் நிலை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 11ஆம் விதி, பழகுநர் உரிமத்துக்கான முதற்கட்டத் தேர்வில் போக்குவரத்துச் சின்னங்கள் பற்றிய அறிவைச் சோதிக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில், படத்தைக் காட்டி உரிய பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்கள் முதல் நிலையை அளக்கும் அளவுக்கு இரண்டாம் நிலையை அளப்பதில்லை. பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்தவரும் தேறலாம். மேலும், சாலையைப் பயன்படுத்தும் நடையர், மிதிவண்டியர், மாட்டுவண்டியோட்டி ஆகியோர்க்கு அத்தேர்வும் இல்லை. சின்னங்கள் மட்டும் அவர்களை நோக்கியும் பேசுகின்றன.

4. தமிழ் வாசகங்களில் வினைநோக்கு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 116ஆம் பிரிவு, சின்னத்தில் உள்ள சொற்களையும் எழுத்துகளையும் எண்களையும் மாநில அரசு தான் தகுமெனக் கருதும் வரிவடிவில் சேர்த்தெழுத இடமளிக்கிறது. சட்டத்தின் பார்வை வரிவடிவம் பற்றியதாக உள்ளது. வேறொரு மொழியின் தொடரமைப்புக்குள் ஒரு கட்டளை எவ்வாறு வந்து சேர வேண்டும் என்பது பற்றியதாக இல்லை. பலகைத் தமிழின் சிக்கல் இங்கே தொடங்குகிறது.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஒரே வகைக் கட்டளை பல வினைவடிவங்களில் எழுதப்படுகிறது. ‘வளைவில் முந்தாதே’ என்பது ஒருமை ஏவல். ‘ஒலி எழுப்பாதீர்’ என்பது பன்மை ஏவல். ‘மெதுவாகச் செல்லவும்’ என்பது இன்றைய எழுத்துத் தமிழில் வியங்கோளின் இடத்தில் நிற்கும் வடிவம். ‘நிறுத்தக் கூடாது’ என்பது முன்னிலை சுட்டாத விலக்கு. ‘அனுமதி இல்லை’ என்பது செய்தித்தொடர். இவற்றுள் எது சட்டக் கட்டளை, எது அறிவுரை என்பதை வினைவடிவம் கொண்டு பிரித்தறிய இயலவில்லை.

வியங்கோள் வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வரும் என்பது இலக்கண விதி. விதித்தலும் வேண்டலும் ஒரே வடிவத்தில் அடங்குவதே இங்குள்ள இடர்ப்பாடு. ‘காலணிகளை வெளியே விடவும்’ என்னும் கோயில் அறிவிப்பிலும், ‘வரிசையில் வரவும்’ என்னும் அலுவலக அறிவிப்பிலும் பழகிய வாசகர் ‘மெதுவாகச் செல்லவும்’ என்பதையும் வேண்டுகோளாகவே கொள்வது இயல்பு. வேக வரம்புச் சின்னத்தின் அருகில் இவ்வாசகம் எழுதப்படும்போது இழப்பு இரட்டிப்பாகிறது. வட்டம் தந்த விதித்தல் பொருளை வியங்கோள் வேண்டலாக நெகிழ்த்துகிறது. 30 என்னும் திட்டவட்டமான அளவை ‘மெதுவாக’ என்னும் சார்புச்சொல் கரைத்துவிடுகிறது. எண்பதில் வந்தவர்க்கு ஐம்பதும் மெதுவே.

மரியாதை வழக்கும் இதில் கலந்துள்ளது. முகமறியாதவரை ‘முந்தாதே’ என ஒருமையில் விளிப்பது மரபன்று என்னும் உணர்வே பலகை எழுதுவோரை ‘-வும்’ ஈற்றுக்கும் ‘-ஈர்’ ஈற்றுக்கும் செலுத்துகிறது. அவ்வுணர்வு மதிக்கத்தக்கதே. ஆயின் ‘நில்’ என்னும் பலகையை ‘நிற்கவும்’ என எவரும் திருத்தக் கருதுவதில்லை. ‘நில், கவனி, செல்’ என்னும் தொடரும் ஒருமை ஏவலாகவே மக்கள் நாவில் நிலைத்துள்ளது. உயிருக்கு இடர் நேரும் கணத்தில் சுருக்கமே மரியாதை எனத் தமிழ் வழக்கு ஏற்றுக்கொண்டுள்ளமைக்கு இவை சான்று. ஏவலின் ஒருமையைத் தவிர்க்க விரும்பினால், முன்னிலையே சுட்டாத ‘கூடாது’ என்னும் வடிவம் உள்ளது. அது எவரையும் விளிக்காமல் எல்லார்க்கும் விதிப்பதால் சட்டக் கட்டளைக்குப் பொருத்தமானது.

சொற்பொருள் நிலையிலும் ஒரு மயக்கம் உண்டு. நீலத்தளத்தில் சிவப்பு வளையமும் ஒற்றைக் குறுக்குக்கோடும் உடைய சின்னம், வாகனத்தை விட்டுவைப்பதைத் தடுக்கிறது. இரு கோடுகள் குறுக்காக வெட்டும் சின்னம், ஆளை இறக்குவதற்காகக்கூட நிற்பதைத் தடுக்கிறது. இரண்டும் தமிழில் ‘வாகனம் நிறுத்தக் கூடாது’ என்றே வழங்குகின்றன. ‘நிறுத்து’ என்னும் வினை இரு பொருளுக்கும் பொதுவாக இருப்பதே காரணம். சின்னம் செய்த வேறுபாட்டை வாசகம் அழித்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு தமிழுக்குள்ளேயே உள்ளது. ‘வை’ என்னும் துணைவினை, செயலின் விளைவு நீடித்திருப்பதைக் காட்டும். ‘நிறுத்திவைக்கக் கூடாது’, ‘நிற்கவும் கூடாது’ என எழுதினால் வேறுபாடு தெளிவாகும். இலங்கைத் தமிழ் வேறொரு வழியை முன்பே கண்டுள்ளது. அங்கு ‘வாகனத் தரிப்பிடம்’ என்னும் வழக்கில் ‘தரி’ என்னும் வினை வாகனம் தங்கி நிற்றலுக்கு உரியதாகிவிட்டது. அதனால் ‘நிறுத்து’ என்னும் வினை இரட்டைச் சுமையிலிருந்து விடுபடுகிறது.

பலகைத் தமிழ் எல்லா இடத்திலும் தவறுவதில்லை. ‘கொண்டை ஊசி வளைவு’ பிறமொழிச் சொல்லின் பெயர்ப்பாயினும் தமிழாகவே நிலைபெற்றது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலையின் 40 வளைவுகளும் கொல்லிமலைச் சாலையின் 70 வளைவுகளும் இப்பெயராலேயே அறியப்படுகின்றன. சின்னத்தின் வளைகோடும், சொல் தரும் உருவகமும், சாலையின் உண்மை வடிவமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதால் இங்குப் பொருள் மயக்கம் இல்லை. மலைச்சாலையில் ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குவோர் வழிவிட வேண்டும் என்னும் விதியைத் தமிழ்த் தொடராகவே எழுதி வைக்கும் பலகைகளும் பயன் மிக்கவை. உருவத்தால் எளிதில் காட்ட இயலாத முன்னுரிமை உறவை அங்கு மொழி ஏற்றுக்கொள்கிறது.

5. சுட்டும் வழுவும்

சின்னத்தின் பொருள் அது நிற்கும் இடத்தாலும் நிரம்புகிறது. எச்சரிக்கைச் சின்னம் இடர் உள்ள இடத்துக்கு முன்பாக நடப்படுவதால் அது சேய்மைச் சுட்டின் தன்மையுடையது, ‘அங்கே’ என்கிறது. உத்தரவுச் சின்னம் விதி செல்லுபடியாகும் இடத்திலேயே நிற்பதால் அண்மைச் சுட்டின் தன்மையுடையது. ‘இங்கே, இது முதல்’ என்கிறது. இடம் பெயர்ந்த பலகை சுட்டிழந்த சொல்லாகிவிடும்.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழும் மயங்குவதால் வழு நேரும் என்பது நன்னூல் கொள்கை. இவற்றுள் மூன்றைச் சின்னங்களுக்கும் ஒப்புமையாகப் பொருத்திக் காணலாம். வளைவு தொடங்கிய பின் நிற்கும் வளைவுச் சின்னம் இடவழு. பணி முடிந்த பின்னும் அகற்றப்படாமல் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என நிகழ்காலத்தில் கூறிக்கொண்டிருக்கும் பலகை காலவழு. எச்சரிக்கையை வட்டத்திலும் உத்தரவைச் சதுரத்திலும் வரைந்து வைக்கும் பலகை மரபுவழு. காலவழுவே இவற்றுள் மிகவும் தீங்கானது. பொய்யாகிப்போன ஒரு பலகையைக் கண்டு பழகியவர், அடுத்து வரும் மெய்யான பலகையையும் நம்பமாட்டார். ஒரு குறியின் வழு தொகுதி முழுவதன் நம்பகத்தன்மையைக் குறைக்கிறது.

சொல்லுக்கும் தொடருக்கும் வகுத்த இலக்கணத்தைப் பலகைக்கு நீட்டிப்பதில் எல்லை உண்டு என்பதையும் கருத வேண்டும். சொல் நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வருவது. சின்னத்தில் உறுப்புகள் ஒருசேரத் தோன்றுகின்றன. வழுவமைதி போன்ற நெகிழ்வுக்கும் இங்கு இடமில்லை. எனவே இவ்வொப்புமை சின்னத்தை விளக்கும் கருவியாகவே கொள்ளத்தக்கது; சின்னம் ஒரு மொழி என்பதற்கான நிறுவலாகக் கொள்ளத்தக்கதன்று.

முடிவுரை

போக்குவரத்துச் சின்னம் படத்தால் விளங்குவது அன்று. கற்ற மரபால் விளங்குவது. அதன் உருவம் பெயராகவும், வடிவமும் நிறமும் வினையாகவும், நிற்கும் இடம் சுட்டாகவும் இயங்குகின்றன. சிறிதளவே ஆர்வம் தரத்தக்கது எனப் பார்த் கருதிய தொகுதிக்குள் கட்டளை, விலக்கு, எல்லை, குறிப்பு, முன்னுரிமை ஆகியவற்றை வேறுபடுத்தும் நுட்பமான ஒழுங்கு உள்ளமை இதனால் தெளிவாகும்.

இதிலிருந்து மூன்று நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சின்னங்களைப் பெயர்ப்பட்டியலாகக் கற்பிப்பதை விடுத்து, மிதிவண்டி போன்ற ஓர் உருவத்தைப் பல வடிவங்களில் வைத்து வினைவேறுபாட்டைக் கற்பிக்க வேண்டும். வடிவம் அறிந்தவர் முன்பின் காணாத சின்னத்தையும் ஓரளவு படிக்க வல்லவராவார். இரண்டாவதாக, உத்தரவுக்குக் ‘கூடாது’ அல்லது ஏவல், எச்சரிக்கைக்குச் செய்தித்தொடர், அறிவுரைக்கு மட்டும் வியங்கோள் எனத் தமிழ் வாசகங்களுக்கு ஒரு சீர்மை தேவை. மூன்றாவதாக, நிறுத்துதல், நிறுத்திவைத்தல் போன்ற இணைகளுக்கு நிலையான தமிழ் வழக்குகளை வகுக்கும் பணியில் பொறியாளரோடு தமிழ்த்துறையினரும் பங்கேற்க வேண்டும். வினைமுற்று வகைகளைப் பயிற்றுவிக்கும் வகுப்பறைக்குச் சாலையோரப் பலகையைவிட அண்மையில் உள்ள பயிற்சிக்களம் வேறில்லை.